பாட்டு அறையில் பேச்சுச் சத்தம்

பாட்டில் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் ரேடியோ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் மேலாளரே ஒரு நிமிடம் யோசிப்பார். கழுவின பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிவரும் பெல்ட்டின் முன்னால் உட்கார்ந்து, விரிசல் விட்டதை வெளிச்சத்தில் கண்டுபிடித்துப் பொறுக்கிப் போடுவது அவள் வேலை. காதில் ரப்பர் அடைப்பு இருக்கும். வாய் மட்டும் ஓயாது. அவள் உதடு அசைவதைப் பார்த்தே அன்றைக்கு என்ன பாட்டு என்று வரிசை முழுக்கத் தெரிந்துகொள்ளும்.

வீட்டில் அவள், கணவர், மாமனார் என்று மூன்றே பேர். கணவர் ஒரு பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். மாமனார் முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அவர் "முன்னால போங்க" என்று ஒரு குரல் கொடுத்தால் படியில் தொங்குகிறவன்கூட உள்ளே போய்விடுவானாம். அப்படிப்பட்டவர், வயது ஏற ஏறப் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் ஜன்னலோர நாற்காலியில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு காதும் மந்தம். கருவி வாங்கிக் கொடுத்தார்கள். ஒரு வாரம் மாட்டிப் பார்த்துவிட்டு, தட்டு வைக்கிற சத்தம் இடி மாதிரி விழுகிறது, மனுஷன் பேசுவது மட்டும் விளங்கவில்லை என்று சொல்லி இழுப்பறையில் போட்டுவிட்டார்.

ஒன்பது வருடங்களுக்கு முன், ரேடியோ அக்கா பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ரெக்கார்டு பிளேயரும், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கி வந்து ஹாலில் வைத்தாள். மறுநாள் காலை பையும் சாவியுமாகக் கடைக்குக் கிளம்பியபோது, மாமனார் தனியாக உட்கார்ந்திருப்பது கண்ணில் பட்டது. பாவம், சும்மாதானே இருக்கிறார், ஒரு இசைத்தட்டைச் சுழல விட்டுப் போனால் பொழுது போகுமே என்று தோன்றியது. வாசலில் நின்றபடி, "மாமா, பாட்டு போடட்டுமா?" என்று கேட்டாள்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "வேண்டாம். வீட்ல நான் ஒருத்தன் இருக்கேன்ல?" என்றார்.

சுருக்கென்று தைத்தது அவளுக்கு. கடையில் வாங்க வேண்டியதில் பாதியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அன்றோடு ஹாலில் பாட்டு நின்றது. ஸ்பீக்கர்கள் மேல் துணி விரித்துப் பூச்சாடி வைத்துவிட்டு ஒரு ஹெட்போன் வாங்கிக்கொண்டாள். கணவரிடம்கூட காரணம் சொல்லவில்லை. பெரியவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான், அதைப் போய்ப் பெரிது பண்ணுவானேன் என்று இருந்துவிட்டாள். ஆனால் மனசுக்குள் அது ஆறவே இல்லை. அதற்குப் பிறகு மாமனாரோடு சாப்பாடு, மாத்திரை, மழை என்ற மூன்று விஷயங்களைத் தாண்டி அவள் வாயைத் திறந்ததில்லை. அவரும் திறந்ததில்லை.

இப்படியே போயிருக்கும். போன வருடம் அவள் காதில் புண் வந்தது. மருத்துவர் எட்டிப் பார்த்துவிட்டு, தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் அடைப்பு, வீட்டுக்கு வந்து ஹெட்போன், காது எப்போதுதான் மூச்சு விடுவது என்று கேட்டார். ஹெட்போனைத் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். ஒரு மாதம் பாட்டில்லாமல் கிடந்தாள். முப்பதாவது நாள், பின்பக்கத்துச் சாமான் அறையைக் காட்டி, இது இனிமேல் என்னுடையது, ஒரு பாட்டு அறை கட்டப்போகிறேன் என்று கணவரிடம் அறிவித்தாள்.

பன்னிரண்டடி நீளம், ஒன்பதடி அகலம். உள்ளே உடைந்த கட்டில், காற்றுப் போன மெத்தை, கணவர் இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வேதியியல் வினாத்தாள்கள். கட்டிலும் மெத்தையும் போவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. வினாத்தாள் விஷயத்தில் மட்டும் ஆள் அசைந்து கொடுக்கவில்லை. அதைப் பிறகு பார்க்கலாம் என்று ஒத்திவைத்துவிட்டு, இருவரும் வெற்று அறையின் நடுவில் நின்றார்கள். கணவர் ஒரு தடவை கையைத் தட்டினார். சுவருக்கும் சுவருக்கும் நடுவில் அந்தச் சத்தம் 'ட்ர்ர்ர்' என்று தகரத்தில் கோலி உருண்ட மாதிரி ஓடி அடங்கியது.

சத்தம் வெளியே போகாமல் தடுப்பது ஒரு வேலை, உள்ளே இருப்பதை நன்றாகக் கேட்க வைப்பது வேறொரு வேலை, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே என்றார் கணவர். அவளுக்கு முதல் வேலைதான் முக்கியமாகப் பட்டது. ஜன்னலோர நாற்காலிக்கு ஒரு துளி பாட்டுகூடப் போய்விடக் கூடாது. கனமான மரக்கதவு போட்டு, சட்டம் நெடுக ரப்பர் பட்டை ஒட்டினார்கள். ஜன்னலுக்கு இரண்டாவதாக ஒரு கண்ணாடி வந்தது. கதவைச் சாத்தினால் அலமாரியைச் சாத்தின மாதிரி 'பொத்' என்றது. அதிலேயே அவளுக்குப் பாதி சந்தோஷம்.

இரண்டாவது வேலையில்தான் சறுக்கினாள். பேசாமல் நாலு சுவரிலும் மெத்து மெத்தென்று எதையாவது ஒட்டிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து, ஸ்பாஞ்ச் தாள் வாங்கி, கூரை வரைக்கும் ஒரு இடம் விடாமல் ஒட்டினாள். அறைக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முதல் தட்டை வைத்தாள். பாடகி போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடினாள். வயலினுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது. மேளம் மட்டும் அறையின் மூலையில் ஒரு யானை புரள்வது போல் 'தும் தும்' என்றது, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் அந்தத் 'தும்'மும் காணாமல் போனது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கணவர் போனை எடுத்துக்கொண்டு வந்தார். அடித் தொண்டைச் சத்தங்களை ஒவ்வொன்றாக ஸ்பீக்கரில் ஓட விட்டு, இன்னொரு போனில் அளவு பார்த்தபடி, எதையோ தொலைத்தவர் மாதிரி அறை முழுக்க நடந்தார். அரை மணி நேரம் கழித்து வந்து சொன்னார். மெல்லிசான ஸ்பாஞ்ச், கீச்சுச் சத்தத்தை மட்டும் தின்றுவிடுகிறது, கனத்த சத்தம் அதைச் சட்டையே செய்யாமல் போய் மூலையில் குவிகிறது. இன்னொன்று, அவள் நாற்காலி அறையின் சரிபாதியில் இருக்கிறது. இத்தனை சின்ன அறையில் கனத்த சத்தம் செத்துப் போகிற இடமே அதுதான்.

"மொத்த ரூம்லயும் பாட்டே கேக்காத ஒரே எடத்தத் தேடிப் பிடிச்சு உக்காந்திருக்க" என்றார். அவள் முறைத்த முறைப்பில் அடுத்த வாக்கியத்தை விழுங்கிவிட்டார்.

ஸ்பாஞ்சை உரித்தார்கள். ஒட்டும்போது ஒரு நாள் பிடித்த வேலை, உரிக்க நாலு நாள் பிடித்தது. சுவரெல்லாம் பசைத் தழும்பு. இந்தக் கட்டத்தில்தான் அவள் தம்பி உள்ளே வந்தான். சோபா தைக்கிறவன். வாயில் ஆணியை வைத்துக்கொண்டே பேசும் பழக்கம் உள்ளவன் ஆதலால் அவன் சொல்வதில் பாதி யாருக்கும் விளங்காது. ஆனால் மரச்சட்டம் அடித்துத் துணி இழுத்துக் கட்டுவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஸ்பாஞ்சுக்குப் பதில் என்ன வைப்பது என்ற கேள்விக்கு ரேடியோ அக்காவே விடை கண்டுபிடித்தாள். தொழிற்சாலையில் பாய்லர் குழாய்களைச் சுற்றி ராக்வூல் வைத்திருப்பார்கள். கல்லை உருக்கி நூலாக்கி அழுத்திச் செய்த பலகை அது. பாய்லர்காரரிடம் விசாரித்தபோது, அதை வைத்த பிறகு அந்த அறையில் பேச்சே வேறு மாதிரி கேட்கிறது என்றார். போதாதா? கைக்கு உறை, முகத்துக்கு மூடி போட்டுக்கொண்டு அக்காளும் தம்பியும் பலகைகளை வெட்டினார்கள். அப்படியும் தம்பி இரண்டு நாள் முழங்கையைச் சொறிந்துகொண்டு திரிந்தான்.

துணி வாங்கப் போன இடத்தில் ஒரு கூத்து. ராக்வூல் மேல் போர்த்துகிற துணி காற்றை விட வேண்டும், அப்போதுதான் சத்தம் உள்ளே நுழையும். அதற்குச் சுலபமான சோதனை, துணியை வாயில் வைத்து ஊதிப் பார்ப்பது. தம்பி கடையில் ஒவ்வொரு சுருளாக எடுத்து முகத்தில் வைத்து ஊதிக்கொண்டே போக, கடைக்காரர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தம்பிக்கு மூச்சிரைப்பு இருக்கிறதா, தண்ணீர் வேண்டுமா என்று ரேடியோ அக்காவிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

மூலைக்கு மூலை தரையிலிருந்து கூரை வரை நிற்பதற்கு ஆள் உயரத்துக்கு மேல் நான்கு பெரிய சட்டங்கள், பக்கச் சுவர்களுக்கும் கூரைக்கும் சின்னதாக ஆறு. எல்லாம் வாசலில் அடித்து, ஹால் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். கறுப்புத் துணி போர்த்திய நீளப் பெட்டியைத் தம்பியும் கணவரும் ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கிக்கொண்டு போனபோது, ஜன்னலோரத்தில் இருந்த மாமனார் அதைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"யாருக்கு?" என்று கேட்டார்.

பெரியவருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு பெட்டியோடு வேகமாக உள்ளே போய்விட்டார்கள்.

சின்னச் சட்டங்களை எந்த இடத்தில் மாட்டுவது என்பதற்குக் கணவர் ஒரு வழி வைத்திருந்தார். ரேடியோ அக்கா நாற்காலியில் உட்கார வேண்டும். நாற்காலி இப்போது பின்சுவரிலிருந்து நாலரை அடி தள்ளி இருந்தது. அவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு ஒட்டி மெதுவாக நகர்த்திக்கொண்டே வருவார். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் பாட்டு சுவரில் பட்டு அவள் காதுக்குத் திரும்புகிறது, அங்கேதான் சட்டம் மாட்ட வேண்டும். அவர் நகர்த்திக்கொண்டு வர, அவள் நிறுத்துங்கள் என்றாள். ஸ்பீக்கரா என்றார். இல்லை, என் காதோரம் இத்தனை நரையா என்றாள். தம்பி வாயிலிருந்த ஆணியைத் துப்பிவிட்டுச் சிரித்தான்.

கடைசியில் பின்சுவர். அங்கே எல்லாவற்றையும் உறிஞ்சிவிடாமல் சத்தத்தை நாலா பக்கமும் சிதற விடுகிற மாதிரி ஒரு புத்தக அலமாரி, ஏறுமாறாக அடுக்கி வைத்தால் நல்லது என்றார் கணவர். அடுக்க என்ன இருக்கிறது என்று அவள் கேட்டாள். அவர் போய் வினாத்தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். இருபது வருட வேதியியலும் முன்னும் பின்னுமாக அலமாரியில் ஏறி உட்கார்ந்தது. அன்று அவர் முகத்தில் இருந்த வெற்றிக்களையை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

கையைத் தட்டிப் பார்த்தார்கள். கோலி உருளவில்லை. தட்டின சத்தம் தட்டின இடத்திலேயே நின்றது. அறை செத்தும் போகவில்லை. பேசினால் குரலுக்கு உடம்பு இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே தட்டு போட்டுக் கேட்டிருக்க வேண்டியது. ஆனால் அன்று காலை தெருவில் குழாய் பதிக்கத் தார்ச்சாலையை உடைக்கும் இயந்திரத்தோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். அதே நேரத்தில்தான் கணவர் மாமனாரை, இழுப்பறையில் சும்மா கிடந்த காதுக் கருவியைச் சுத்தம் செய்ய அழைத்துப் போய்விட்டுத் திரும்பினார். சோதித்துப் பார்க்கட்டும் என்று கருவியைக் காதிலேயே மாட்டி அனுப்பியிருந்தார்கள். ஹாலுக்குள் காலை வைத்ததும் பெரியவர் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு துடித்துப் போனார். கருவியைக் கழற்றலாம் என்றால் பதற்றத்தில் விரல் ஒத்துழைக்கவில்லை. ரேடியோ அக்கா யோசிக்கவில்லை. அவர் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பாட்டு அறை நாற்காலியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். தெருவில் சாலை உடைவது எங்கோ தூரத்தில் தையல் இயந்திரம் ஓடுவது போல் ஆகிவிட்டது. அவர் மெதுவாகக் கையை எடுத்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். சாய்ந்து உட்கார்ந்தார்.

நல்ல வசதியாகச் சாய்ந்துவிட்டார். அவள் இன்னும் ஒரு பாட்டுகூட ஒழுங்காகக் கேட்காத நாற்காலி அது. அவருக்கு எங்கே கேட்கப்போகிறது என்று, அலமாரியைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பி, "இனி இவர் எப்ப எந்திரிச்சு, நான் எப்ப பாட்டுக் கேக்குறதோ" என்று முணுமுணுத்தாள்.

"ரோட்டு வேலை முடியட்டும், எந்திரிக்கிறேன்" என்றார் மாமனார்.

கையிலிருந்த துணி கீழே விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தைவிட அவர் முகத்தில்தான் அதிகத் திகைப்பு.

"மாமா, நான் பேசுறது கேக்குதா?"

"கேக்குதே. கத்தாமயே கேக்குது. இன்னொரு தடவ ஏதாவது சொல்லு."

என்ன சொல்வது? சாப்பாடு, மாத்திரை, மழை மூன்றையும் தவிர வேறு எதுவும் வாயில் வரவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்றாள். வராது, மேகம் வடக்கே போய்விட்டது என்றார் அவர். பிறகு அவரே கேட்டார். இத்தனை நாள் பெட்டி பெட்டியாகத் தூக்கிப் போனீர்களே, இதற்குத்தானா, இது எதற்கு என்று. பாட்டுக் கேட்க என்றாள். அதை ஹாலிலேயே கேட்டால் என்ன என்றார்.

ஒன்பது வருடமாக உள்ளே கிடந்தது சட்டென்று வெளியே வந்துவிட்டது.

"உங்களுக்குத்தான் பிடிக்காதே மாமா."

"பிடிக்காதுன்னு யாரு சொன்னது?"

"நீங்கதான். அந்தப் பெட்டி வாங்குன மறுநாள், பாட்டு போடட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், வீட்ல நான் ஒருத்தன் இருக்கேன்லன்னு சொன்னீங்க."

அவர் புருவத்தைச் சுருக்கினார்.

"அன்னிக்கு நீ வெளியில கெளம்பிட்டு இருந்தியோ? கையில சாவி வச்சிருந்தியோ?"

"ஆமா. கடைக்குக் கெளம்பினேன்."

"அப்ப நீ கேட்டது பாட்டா?"

"பின்ன என்ன?"

"எனக்குப் பூட்டுன்னு விழுந்துச்சும்மா. பூட்டு போடட்டுமான்னு கேக்குறேன்னு நெனச்சேன். ஆள் உள்ள இருக்கும்போது இவ எதுக்குப் பூட்டுறான்னு எனக்கும் கொஞ்சம் வருத்தந்தான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அவருடைய தோள் குலுங்கியது. அப்புறம் நாற்காலியே குலுங்கியது. அவள் அலமாரியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்த கையோடு இன்னும் வந்தது, அது எப்போது அழுகையானது என்று அவளுக்கே தெரியவில்லை. பெரியவர் எட்டி அவள் தலையில் கை வைத்தார். சத்தமே கேட்கவில்லையே என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்த கணவர், அவர்கள் இருந்த கோலத்தைப் பார்த்து, என்ன ஏது என்று கேட்காமல் மறுபடி கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அப்புறம் அவள் தன்னிடம் இருந்ததிலேயே சிறந்த தட்டை எடுத்து அவருக்காகப் போட்டாள். ஒரு பக்கம் முழுவதும் கேட்டுவிட்டு, அவர் கருத்தை மறைக்காமல் சொன்னார். கருவி வழியாகப் பாட்டு கொஞ்சம் தகர டப்பா மாதிரிதான் இருக்கிறது, ஆனால் மருமகள் பேச்சு தெளிவாக இருக்கிறது, ஆகவே பாட்டை நிறுத்திவிட்டுப் பேசு என்றார். அவளும் பேசினாள். அவர் அதைவிடப் பேசினார். சவப்பெட்டி மாதிரி இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்து "யாருக்கு" என்று கேட்டது ஒரு நகைச்சுவை, வீட்டில் ஒரு பிராணிகூடச் சிரிக்கவில்லை என்ற வருத்தமும் அப்போதுதான் வெளியே வந்தது.

அதிலிருந்து ஒரு மாதத்துக்கு ரேடியோ அக்காவால் அந்த அறையில் ஒரு பாட்டும் கேட்க முடியவில்லை. காலையில் காபி குடித்ததும் மாமனார் கருவியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடுவார். முப்பத்தோரு வருடத்து பஸ் கதை மொத்தமும் உள்ளே இருந்தது. மகனிடம் ஒரு பக்கம், மருமகளிடம் ஒரு பக்கம், சட்டம் சரி பார்க்க வந்த தம்பியிடம் ஒரு பக்கம் என்று அவிழ்த்துவிட்டார். தம்பி வாயில் ஆணியோடு பதில் சொன்னபோது, கருவி கெட்டுவிட்டதோ என்று கழற்றித் தட்டிப் பார்த்தார். கணவர் ஒரு வினாத்தாளின் பின்பக்கத்தில் நேர அட்டவணை எழுதிக் கதவில் ஒட்டினார். அதில் ரேடியோ அக்காவுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு மணியிலும் மாமனார் பாதியில் வந்து, ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்பார்.

பிறகு அவர் பஸ்ஸை ஓட்டிய டிரைவர் வந்தார். இரண்டு பேரும் ஒரே வண்டியில் பதினெட்டு வருடம் போனவர்கள். டிரைவருக்கும் காது மந்தமாகிவிட்டதால், போனில் கத்திக் கத்தி அலுத்து, ஆறு வருடமாகத் தொடர்பே விட்டுப் போயிருந்தது. அறைக்குள் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் இருவரும் எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசுகிறவர்கள் மாதிரி கத்த ஆரம்பித்தார்கள். கதவைத் தாண்டி ஹால் வரைக்கும் கேட்டது. ஐந்து நிமிடத்தில் குரல் இறங்கியது. பத்து நிமிடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. டிரைவருக்குத் தண்ணீர் கொண்டுபோன ரேடியோ அக்கா, இரண்டு கிழவர்களும் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கிசுகிசுவென்று பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

வாராவாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு டிரைவர் போனார். அன்று மாலையே அவள் தம்பிக்குப் போன் செய்தாள்.

"டேய், இன்னும் எட்டு சட்டம் அடிக்கணும்டா."

"பத்து அடிச்சாச்சேக்கா. அந்த ரூம்ல இனி எங்க மாட்டுவ?"

"ரூமுக்கு இல்ல. ஹாலுக்கு."

இந்தத் தடவை துணி கறுப்பு இல்லை. மாமனாரே கூட வந்து இளம்பச்சை பொறுக்கினார். கடையில் அவரும் ஊதிப் பார்த்தார். ஹாலில் சுவருக்கு மூன்று, கூரைக்கு இரண்டு, சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே ஒன்று, மிச்சம் இரண்டு ஜன்னலோரம் என்று மாட்டினார்கள். தரையில் கனமான விரிப்பு வந்தது. தட்டு வைத்தால் இடி விழவில்லை. மேசையைச் சுற்றி மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் இரவு, குழம்பில் உப்பு தூக்கல் என்று கணவர் அவளிடம் மெதுவாகச் சொன்னதற்கு, மேசையின் மறுமுனையிலிருந்து மாமனார், தனக்குச் சரியாகத்தான் இருக்கிறது என்று மருமகளுக்காக வாதாடினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரைவர் வந்தார். ஹாலில் இருவரும் உட்கார்ந்து, எந்த வருடமோ எந்த நிறுத்தத்திலோ ஒரு கல்யாண வீட்டு ஆட்களை ஏற்றாமல் விட்டுப் போனது யார் தப்பு என்று வழக்கு நடத்தினார்கள். கண்டக்டர் விசில் அடித்தார் என்பது டிரைவர் கட்சி. அடிக்கவே இல்லை என்பது மாமனார் கட்சி. கணவர் நடுவில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

ரேடியோ அக்கா கைகளைத் துடைத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். கதவைச் சாத்தினாள், 'பொத்' என்றது. நாற்காலியைக் கொஞ்சம் சரிசெய்தாள். தட்டை வைத்து, முள்ளை இறக்கி, வந்து உட்கார்ந்தாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே, அங்கே ஒரு பொருளும் இல்லாத இடத்தில், ஒரு பெண் வந்து நின்றாள். பல்லவியைத் தொடங்கும் முன் அவள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. நூறு தடவை கேட்ட பாட்டு, அந்த மூச்சை ரேடியோ அக்கா இதுவரை கேட்டதே இல்லை. எழுந்துபோய் முள்ளைத் தூக்கி, மறுபடி முதலிலிருந்து வைத்தாள்.